தூணைப் படம் எடுத்தது போதும், பெட்டியைத் திறங்கள்

செட்டிநாட்டைப் பற்றிப் படம் எடுக்க எந்தக் குழு வந்தாலும் முதலில் தூணைத்தான் எடுக்கிறது. பர்மா தேக்கு, இத்தாலிச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்த சுண்ணாம்புப் பூச்சு. இந்த வரிசை எங்கள் பக்கத்துச் சின்னப் பிள்ளைகளுக்கே மனப்பாடம். எனக்கும் இந்த வீடுகள் மேல் கொள்ளை ஆசை உண்டு. 2014-ல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன்.

ஆனால் ஊருக்கு ஊர் இளைஞர்கள் மரபு காக்கக் கிளம்பியிருக்கிற இந்த நேரத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வீடு நிற்கும். காலாகாலத்தில் ஓடு மாற்றினால் இன்னும் நூறு வருடம்கூட நிற்கும். வீட்டுக்குள் இருக்கும் காகிதம் நிற்காது. அதை எழுதியவர்களைக் கண்ணால் பார்த்த கடைசி ஆட்கள் இப்போது எண்பதுகளில் இருக்கிறார்கள். கையில் இருக்கிற நேரத்தையும் காசையும் முதலில் அங்கேதான் செலவழிக்க வேண்டும் என்பது என் கட்சி.

என் தாத்தா பள்ளத்தூரில் ஒரு செட்டியார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். அதனால் அந்த வீட்டில் தூணுக்கு முன்னால் எனக்குப் பழக்கமானது பெட்டகம். அதற்குள் என்னவெல்லாம் இருக்கும் என்று பலருக்குத் தெரியாது. பேரேடு, குறிப்பேடு, ஐந்தொகை என்ற கணக்கேடுகள் ஒரு பக்கம். கல்யாணத்தின்போது எழுதிய திருமண ஒப்பந்தமான இசைகுடிமானம், பெண்ணுக்குக் கொடுத்த சாமான் ஒவ்வொன்றையும் பெயர் சொல்லி எழுதிய முறைச்சிட்டை, மொய் ஏடு இன்னொரு பக்கம். அப்புறம் ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர், கொழும்பு என்று கொண்டுவிற்க, அதாவது வட்டித் தொழில் செய்ய, போனவர்கள் கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியிலிருந்து எழுதிய கடிதங்கள், தந்திகள், சம்பளச் சீட்டுகள். மேலிருந்து கீழாக மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று கடையில் ஒவ்வொருவருக்கும் ஒரு படி உண்டு. பெட்டியடிப் பையனாகப் போனவர் மூன்று மூன்று வருடத் தவணைகள் சிலவற்றை முடித்துவிட்டு மேலாளாகத் திரும்பிய கதை முழுவதும் அந்தச் சீட்டுகளை வரிசையாக வைத்தாலே தெரிந்துவிடும். இதற்குத் தனியாக ஒரு வரலாற்று ஆசிரியர் வர வேண்டியதில்லை.

ஒரே ஒரு பேரேட்டைச் சொல்கிறேன். ஆங்கீரச வருஷத்துக் கணக்கு அது. தலைப்பில் பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே சிவமயம். எல்லாத் தொகையும் தமிழ் எண்ணில். வட்டி வரவு, தந்திச் செலவு, விளக்கெண்ணெய், சமையல்காரர் சம்பளம், அப்புறம் பிள்ளையார்பட்டிப் பிள்ளையாருக்கு மகமை, அதாவது சாமிக்கென்று ஒதுக்கிய பங்கு. கடையில் பணம் போட்ட மனிதருக்கு எப்படித் தனிப் பக்கமோ அப்படியே சாமிக்கும் ஒரு பக்கம். இன்னும் சில பக்கம் தள்ளினால் ஆச்சிமார் பணம் வருகிறது. வீட்டுப் பெண்கள் தங்கள் சீதனப் பணத்தைக் கடையில் வட்டிக்குப் போட்டிருக்கிறார்கள். ஊரில் இருந்துகொண்டே ரங்கூன் வியாபாரத்தில் பங்கு வைத்திருந்த பெண்களைப் பற்றி எந்தச் சுற்றுலாக் கையேட்டில் ஒரு வரி இருக்கிறது?

அந்தப் பேரேட்டின் பின்பகுதியில் கை எழுத்தே மாறுகிறது. வசூல் குறைகிறது, வட்டி நிலுவை ஏறுகிறது, திடீரென்று நிலங்களின் விவரம் வர ஆரம்பிக்கிறது. ஆங்கீரச என்றால் 1932-33. உலகம் முழுவதும் பொருளாதார மந்தம். பர்மாவில் நெல் விலை சரிந்து கிடந்த நேரம். கடன் வாங்கிய விவசாயியால் பணம் கட்ட முடியவில்லை, நிலத்தைக் கொடுத்தான். கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் 1930-ல் செட்டியார்கள் கையில் இருந்தது சுமார் 6 சதவீத நிலம். அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் அது 25 சதவீதம் ஆனது. நம் ஆட்களுக்கும் அந்த நிலம் வேண்டியிருக்கவில்லை, அவர்கள் கேட்டது பணம்தான். இருந்தாலும் நிலத்தை இழந்த பர்மியக் குடியானவனின் வயிற்றெரிச்சல் பொய்யில்லை. 1942-ல் ஜப்பான்காரன் வந்தபோது போட்டது போட்டபடி கிளம்பி, காட்டு வழியாக நடந்தே ஊர் வந்து சேர்ந்த நம்மவர்களின் கண்ணீரும் பொய்யில்லை. இரண்டும் ஒரே கணக்கில் இருக்கின்றன. ஊர் வரலாற்றுத் திட்டம் என்று ஒன்று வைத்தால் இரண்டையும் எழுத வேண்டும். நம் பெருமையை மட்டும் பொறுக்கி எடுத்து வைப்பதற்கு வரலாறு என்று பெயர் கிடையாது.

காகிதத்தைக் காப்பாற்றினால் என்ன கிடைக்கும் என்பதற்கு நம்மிடமே சாட்சி உண்டு. கோட்டையூர் ரோஜா முத்தையா தன் வாழ்நாள் முழுவதும் புத்தகம், பத்திரிகை, நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று அச்சான எதையும் விடாமல் சேர்த்தார். 1992-ல் அவர் காலமானார். சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது, 1994-ல் சென்னையில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நூலகம் உருவானது. இன்று தமிழில் 19, 20-ஆம் நூற்றாண்டுகளைப் பற்றி உருப்படியாக ஆராய்ச்சி செய்கிற யாரும் அந்த வாசலை மிதிக்காமல் இருக்க முடியாது. கோட்டையூரிலேயே கிடந்திருந்தால் கரையானுக்குப் போயிருக்கலாம், சென்னைக்குப் போனது நல்லதுதான். ஆனாலும் கோட்டையூரில் படிக்கிற ஒரு பிள்ளை தன் ஊர்க்காரர் சேர்த்ததைப் பார்க்க 400 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறதே என்ற வருத்தம் எனக்குப் போகவில்லை. பக்கத்தில் புதுக்கோட்டையில் ஞானாலயா இருக்கிறது. ஒரு கணவனும் மனைவியும் தங்கள் சொந்தச் சம்பாத்தியத்தில் சேர்த்துக் கட்டிய நூலகம், பல அரிய நூல்களின் முதல் பதிப்புகள் அங்கே உண்டு. ஊரிலேயே வைத்துக் காப்பாற்ற முடியும் என்பதற்கு அதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

இன்னொரு சாட்சி காரைக்குடியிலேயே உண்டு. இங்கே இந்து மதாபிமான சங்கம் 1917-ல் ஆரம்பித்தது. 1919-ல் பாரதி இங்கே வந்தார். பாரதியின் அசல் புகைப்படங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அவற்றில் காரைக்குடியில் எடுத்தவையும் உண்டு. அன்றைக்கு ஒருவர் கேமராக்காரரை வரவழைத்தார், அதன்பிறகு அந்தப் படத்தைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள். அதனால்தான் இன்று பாரதியின் முகம் நமக்குத் தெரிகிறது. இன்னும் பின்னால் போனால், 17-ஆம் நூற்றாண்டில் உப்பு வியாபாரம் செய்து பழநிக்கு மகமை வைத்த நகரத்தாரை, அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்களை, பற்றி இன்று பேச முடிவதற்கும் யாரோ பத்திரப்படுத்திய பழநிப் பட்டயங்கள்தான் காரணம்.

இப்போது நடப்பதைப் பாருங்கள். வீட்டைப் பிரிக்கும்போது கதவு, தூண், மங்குச் சாமான் எல்லாம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வந்து சேர்கின்றன. அங்கே ஒரு பித்தளைத் தவலையைக் கையில் எடுத்தால் கழுத்தில் விலாசம், அதாவது அந்தக் குடும்பத்தின் பெயரெழுத்துகள், வெட்டியிருக்கும். எந்த வீட்டுச் சாமான், யாருடைய கல்யாணத்துக்கு வந்தது என்று விவரம் தெரிந்தவர் சொல்லிவிடுவார். தவலைக்காவது விலை உண்டு. அதே வீட்டின் ஏடுகளும் கடிதங்களும் அந்தத் தெருவுக்குக்கூட வருவதில்லை. சாக்கில் கட்டி எடைக்குப் போடுகிறார்கள். ஒரு குடும்பத்தின் நாலு தலைமுறைக் கணக்கு பழைய பேப்பர் கடைத் தராசில் ஏறுவதைப் பார்த்தால் நெஞ்சு அடைக்கிறது.

சரி, என்ன செய்யலாம்?

எனக்குத் தோன்றுவது படைப்பு நாள், முன்னோருக்குப் படையல் போட்டுக் கும்பிடுகிற நாள். வருடம் முழுவதும் பூட்டிக் கிடக்கிற வீடு அன்றைக்குத் திறக்கிறது. சென்னை, கோவை, மலேசியா, அமெரிக்கா என்று சிதறிக் கிடக்கிற பங்காளிகள் அத்தனை பேரும் ஒரே வளவில், வீட்டின் உள்முற்றத்தில், உட்கார்ந்திருக்கிறார்கள். சாவி யாரிடம் என்ற கேள்வி இல்லை, யாரிடம் அனுமதி கேட்பது என்ற கேள்வியும் இல்லை. முன்னோரை நினைத்துப் படைக்கிற நாளில் முன்னோர் எழுதியதை எடுத்துப் பார்ப்பதைவிடப் பொருத்தமான காரியம் என்ன இருக்கிறது? ஒரு நாள் முன்னதாக வரச் சொல்லி, வளவில் வெளிச்சம் நன்றாக விழுகிற நேரத்தில் ஏடுகளை வெள்ளைத் துணியில் விரித்து, பக்க வரிசை மாறாமல் செல்போனிலேயே படம் எடுத்துவிடலாம். பிளாஷ் போட வேண்டாம். கட்டியிருக்கும் நூலை அறுக்க வேண்டாம். ராமபாணப் பூச்சி அரித்த ஏட்டை மென்மையான பிரஷ்ஷால் துடைத்தால் போதும், செலோ டேப் ஒட்டவே கூடாது. லேமினேஷன் அதைவிட மோசம், காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக் காகிதத்தைக் கொன்றுவிடுவோம். எடுத்த படத்துக்கு ஊர், விலாசம், வருஷம் மூன்றையும் பெயராக வைக்க வேண்டும். தமிழ் வருஷம் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும் என்பதை மறக்கக் கூடாது. சித்திரபானு என்று மட்டும் எழுதியிருந்தால் அது 1882-ஆ 1942-ஆ என்பதைப் பக்கத்தில் இருக்கிற பெரியவர்தான் சொல்ல வேண்டும். அதனால் படம் எடுக்கிற பையனோடு ஒரு பெரியவரும் கட்டாயம் உட்கார வேண்டும். அவர் பேசுவதையும் அப்படியே பதிவு செய்ய வேண்டும்.

பிள்ளையார் நோன்பும் நல்ல சமயம். நோன்பு இழை (மாவில் வைத்த நூல் திரி) எடுக்க எல்லோரும் ஒன்றுகூடுகிற அன்று ஆச்சிமார் தாங்களாகவே பழைய கதை பேசுவார்கள். யாரும் கேள்வி கேட்க வேண்டியதில்லை.

மூல ஏடு அந்தந்த வீட்டை விட்டுப் போகக் கூடாது, அதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டம்கூட 2004-லிருந்து அப்படித்தான் நடக்கிறது, மூலம் அந்தந்த நாட்டிலேயே இருக்கும், படம் மட்டும்தான் வெளியே போகும். ஒரு பிரதி ஊர் நூலகத்தில், ஒரு பிரதி பள்ளிக்கூடத்தில், ஒரு பிரதி இணையத்தில். ஈழத்தில் நூலகம் என்ற பெயரில் தன்னார்வலர்கள் 2005-லிருந்து செய்துவருவதைப் பாருங்கள். போரும் புலப்பெயர்வும் நடந்த நாட்டில் ஊர்ப் பத்திரிகைகளையும் கோயில் மலர்களையும் பள்ளி மலர்களையும் சேர்த்து யார் வேண்டுமானாலும் படிக்கும்படி வைத்திருக்கிறார்கள். அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

பெரியவர்கள் தயங்குவதற்கும் காரணம் இருக்கிறது. பங்குத் தகராறு கோர்ட்டில் இருக்கும். கடன்பட்டவர் பெயரும் கடன் தொகையும் ஏட்டில் இருக்கும், அவர் பேரன் பக்கத்துத் தெருவில் இருப்பார். எல்லாவற்றையும் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று அவசரப்படுகிற தம்பிகளிடம் நான் எப்போதும் சண்டை போடுவது இதற்காகத்தான். எதைத் திறந்து வைக்கலாம், எதை இன்னும் கொஞ்ச காலம் மூடி வைக்கலாம் என்பதை அந்த வீட்டார் முடிவு செய்யட்டும். படம் எடுத்து வைத்துவிட்டால் போதும், காட்டுவதற்கு அவசரம் இல்லை.

இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்ல வேண்டும். செட்டிநாட்டு வரலாறு என்றால் செட்டியார் வீட்டு வரலாறு மட்டும் என்று ஆகிவிட்டது. அந்த வீட்டைக் கட்டியது யார்? கதவில் கஜலட்சுமியைச் செதுக்கிய ஆசாரி யார்? கல்யாணத் தாலியான கழுத்திருவைச் செய்த பத்தர், கண்டாங்கிச் சேலை நெய்தவர், ரங்கூன் கடைக்குச் சமையலுக்குப் போனவர், வீட்டைப் பூட்டிவிட்டு எல்லோரும் போன பிறகு முப்பது வருடமாக முகப்பில் படுத்துக் காவல் காத்தவர், இவர்கள் பெயரெல்லாம் எங்கே? இவர்கள் வீட்டில் பெட்டகம் கிடையாது, ஏடும் கிடையாது. பேச்சு மட்டும்தான் இருக்கிறது.

சுண்ணாம்புப் பூச்சு வேலை செய்த ஒரு கொத்தனாரின் மனைவியிடம் பேசிக்கொண்டிருந்தேன். ‘முட்டை வெள்ளைக்கருன்னு எல்லாரும் சொல்றாங்க தம்பி, அரைச்சதை யாரு சொல்றா?’ என்றார். சுண்ணாம்பு வெண்ணெய் மாதிரி வர வேண்டும், விரலில் தொட்டால் நறநற என்று இருந்தால் மேஸ்திரி திரும்ப அரைக்கச் சொல்லிவிடுவார், கை வெந்து தோல் உரியும், ராத்திரி தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு படுப்போம் என்று உள்ளங்கையை விரித்துக் காட்டினார். இந்த ஊர்ச் சுவர்களை நான் பார்க்கிற பார்வையே அன்றைக்கு மாறிவிட்டது. அவர் பேச்சை என் போனில் பதிவு செய்து வைத்திருக்கிறேன். எந்தப் பேரேட்டுக்கும் அது குறைந்ததில்லை. ஊர் வரலாறு சேர்க்கிற குழுக்களில் வளவு வீட்டுப் பிள்ளைகளோடு இவர்களின் பேரப்பிள்ளைகளும் இருக்க வேண்டும், கேள்வியை அவர்களும் போட வேண்டும். அப்படி இல்லாத குழுவுக்கு நான் வரமாட்டேன்.

அரசு செய்யட்டும், பல்கலைக்கழகம் செய்யட்டும் என்று காத்திருந்தால் இன்னும் ஒரு தலைமுறை போய்விடும். அவர்கள் வரும்போது வரட்டும். ஒரு ஊரில் நாலு பிள்ளைகள், இரண்டு செல்போன், ஒரு ஹார்ட் டிஸ்க், விவரம் தெரிந்த ஒரு பெரியவர், ஆரம்பிப்பதற்கு இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான், கொத்தமங்கலம், ஆத்தங்குடி, தேவகோட்டைப் பக்கம் யார் வீட்டில் இந்த வருடம் படைப்பு வருகிறதோ அவர்கள் தேதியைச் சொல்லுங்கள். படம் எடுக்கத் தெரிந்த பிள்ளைகளை நான் அழைத்து வருகிறேன். தமிழ் எண்ணில் எழுதிய கணக்கை வாசிக்க ஆள் இல்லையே என்று யாரும் பெட்டியைத் திறக்காமல் இருந்துவிட வேண்டாம். என் பெரியப்பாவுக்கு வயது 84. மா, காணி, முந்திரி என்று எந்தப் பின்னத்தையும் மடமடவென்று சொல்லுவார். எந்த ஊருக்கும் வரத் தயாராக இருக்கிறார், வண்டி மட்டும் வாசல் வரை வர வேண்டும்.