சுழல் கோடு விழ கலவை கெட்டியாகக் கூடாது

“இட்லி மாவு பதத்துக்கு அடித்தால்தான் சோப்பில் சுழல் டிசைன் தெளிவாக வரும்” என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தப் பதம் வந்துவிட்டால் சுழல் இழுக்கும் கம்பி உள்ளே நகராது, நிறங்கள் திட்டுத்திட்டாக நின்றுவிடும். எண்ணெயும் காஸ்டிக் சோடாக் கரைசலும் ஒன்றாகி, மேலே எண்ணெய்ப் படலம் மிதக்காமல், மோரைவிடச் சற்றே தடிப்பாக இருக்கும்போதே பிளெண்டரை நிறுத்துங்கள். உடனே கலவையைப் பங்கு பங்காகப் பிரித்து, நிறம் சேர்த்து அச்சில் ஊற்றிவிட வேண்டும்.

எங்கள் குமுளிப் பக்கத்து ஆட்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: கிராம்பு எண்ணெய். இங்கே சுலபமாகக் கிடைக்கிறதே என்று ஊற்றினால், அதிலுள்ள யூஜெனால் என்ற வேதிப்பொருள் கலவையை மளமளவென்று இறுக்கிவிடும். எனக்கே இரண்டு முறை பாத்திரத்திலேயே கட்டியாகிவிட்டது, அவ்வளவு எண்ணெயும் வீணாகப் போனதில் மனசு ஆறவே இல்லை. சுழல் பழகும் வரை வாசனையே வேண்டாம். தேங்காய் எண்ணெய் மட்டும் போட்டாலும் சீக்கிரம் இறுகும். பாதிக்கு மேல் ஆலிவ் எண்ணெய் இருந்தால் நிதானமாகக் கோடு இழுக்கலாம். எண்ணெயை மாற்றினால் காஸ்டிக் சோடா அளவையும் புதிதாகக் கணக்கிட்டே ஆக வேண்டும்.

அப்புறம், செம்பருத்திச் சாறு சிவப்பாகவே நிற்கும் என்பதும் சரியில்லை. காஸ்டிக் சோடாவின் காரம் பட்டதும் அந்தச் சிவப்பு போய்விடும். சிவப்புக்கு இரும்பு ஆக்சைடு பொடிதான் நிலைக்கும்.