கேஷை சூடு பண்ணுங்கன்னா மெஷினை ரீபூட் பண்றாங்க

இன்னைக்கும் அதே கூத்து. காலைல மேனேஜர் எங்க புடவைக் கடை சைட்டைத் திறக்கிறாரு, "காட்டன் புடவை"ன்னு அடிக்கிறாரு, வட்டம் சுத்துது. சுத்துது. டீ வந்துருச்சு, இன்னும் சுத்துது. நேரா என் சீட்டுக்கு வந்து லேப்டாப்பை என் மூஞ்சிக்கு நேரா திருப்பி வச்சு "பாருங்க எவ்ளோ ஸ்லோ"ன்னு மறுபடி அடிக்கிறாரு, அடிச்சு முடிக்கல, ரிசல்ட் வந்து நிக்குது. உடனே என்னை ஒரு பார்வை, "இப்ப என்ன மாத்துனீங்க?" நான் எதைய்யா மாத்துனேன், கைல டீ கிளாஸ்யா இருக்கு!

ராத்திரி ஸ்டாக் அப்டேட் ஓடுது, கமிட் ஆகுது, அதாவது மாத்துனது பதிவாகுது, உடனே எங்க சர்ச் இன்ஜினான சோல்ர் புது டேட்டாவைப் பார்த்துத் தேடித் தர்றதுக்குப் புதுசா ஒரு சர்ச்சரைத் திறக்குது, பழைய சர்ச்சர் தேடி எடுத்து மெமரில ரெடியா வச்சிருந்த கேஷும் சேர்ந்து போயிருது. ஆட்டோவார்ம் கவுன்ட்னு ஒண்ணு இருக்கு, அதுல ஒரு நம்பர் போட்டா பழைய கேஷ்லேர்ந்து அத்தனை ஃபில்டரை எடுத்து புதுசுல ஓட்டிப் பார்த்துட்டுத்தான் ஜனங்களை உள்ள விடும். எங்க கான்ஃபிக்ல 0. முட்டை. முதல் தோசை கல்லுல ஒட்டுனா நாமளே பிச்சுத் தின்னுட்டுப் போயிருவோம், அதைப் போயி விருந்தாளி இலைல வைப்பாங்களா?

சரி, ஃபர்ஸ்ட்சர்ச்சர் லிசனர்ல, அதான் சர்வர் எந்திரிச்சதும் சூடு பண்ண ஓட்டிப் பார்க்குற தேடல் லிஸ்ட்ல, யாராச்சும் நாலு குவெரி போட்டு வச்சிருப்பாங்கன்னு ஃபைலைத் திறந்தேன். இருந்துச்சே! என்ன குவெரி தெரியுமா? "ஸ்டாட்டிக் ஃபர்ஸ்ட்சர்ச்சர் வார்மிங் இன் சோல்ர்கான்ஃபிக் டாட் எக்ஸ்எம்எல்." பழைய சோல்ரோட வந்த சாம்பிள் ஃபைல்ல சும்மா உதாரணத்துக்கு இருந்த வரி, அட்சரம் பிசகாம காப்பி. அதாவது ஒவ்வொரு தடவை ரீஸ்டார்ட் ஆகும்போதும் எங்க சர்வர் எந்திரிச்சு, புடவைக் கடைல போயி ரொம்ப சின்சியரா இதைத் தேடியிருக்கு. எந்த அக்காய்யா வந்து அந்த டிசைன்ல முந்தானை கேட்டாங்க?

ஜனங்க நிஜமா தேடுற வார்த்தை, விலைவாரி வரிசை, கேட்டகிரிவாரி எண்ணிக்கை காட்டுற ஃபேசட், இதைப் போடுங்கன்னு டிக்கெட் போட்டா மீட்டிங்ல ஒரு தம்பி சொல்றான், "இப்படி முன்கூட்டியே சூடு பண்ற வார்மர்லாம் பழசுண்ணா, எலாஸ்டிக்சர்ச் 2016லயே, 5.0ல தூக்கிட்டாங்க." டேய், எலாஸ்டிக்சர்ச் வேற சர்ச் இன்ஜின், அதுல வரிசைப்படுத்த வேண்டிய டேட்டாவை ஹீப்புல, அதாவது புரோகிராமோட மெமரில, ஏத்தாம டாக் வேல்யூஸா டிஸ்க்லயே எழுதி வைக்க ஆரம்பிச்சாங்க, அதனால தூக்குனாங்க. டிஸ்க்ல இருக்குறதும் ஓஎஸ் மெமரில வச்சிருக்குற பேஜ் கேஷுக்கு வந்தாத்தான் வேகம், ரீபூட் பண்ணா அதுவும் காலி. அதெல்லாம் விடு, நம்மகிட்ட ஓடுறது சோல்ர்டா!

இதைச் சொல்லி முடிச்சு மூச்சு விடல, ஆபரேஷன்ஸ்லேர்ந்து மெசேஜ். "சர்ச் ஸ்லோன்னு கம்ப்ளெய்ன்ட் வந்துச்சு, மெஷினையே ரீபூட் பண்ணியாச்சு, செக் பண்ணுங்க ப்ரோ." கட்டைவிரல் எமோஜி வேற. சிரிப்புதான் வந்துச்சு, சத்தியமா, பக்கத்து சீட்ல எல்லாரும் திரும்பிப் பார்க்குற மாதிரி சிரிச்சேன்.

அப்புறம், பேஸ்மென்ட்ல என் பைக்குக்குக் குறுக்க சைடு லாக் போட்டு வண்டியை நிறுத்திட்டு மேல வந்து ஜாலியா உக்காந்திருக்குற புண்ணியவான் யாருங்க? வந்து எடுங்க சார், நான் வீட்டுக்குப் போகணும்.