முக்கால் டேங்க் பெட்ரோல்கூட இல்லாமல் சிங்கப்பூரிலிருந்து காரில் மலேசியாவுக்குக் கிளம்புகிறவர்களே!

பினாங்கில் எந்தக் கடை நாசி கண்டார், ஈப்போவில் எந்தக் கடை காப்பி என்று வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாரம் அடித்துக்கொள்கிறார்கள். வண்டியைப் பற்றி ஒருவராவது வாய் திறக்கிறாரா? அப்புறம் உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில் மொத்த வரிசையையும் மறித்துக்கொண்டு நிற்பது!

சிங்கப்பூர் வண்டி நாட்டைவிட்டு வெளியே போக டேங்க்கில் முக்காலாவது பெட்ரோல் இருக்க வேண்டும் என்ற விதி 1991இலிருந்து இருக்கிறது. இன்னமும் ‘அந்தப் பக்கம் போய் மலிவாக நிரப்பிக்கலாம்’ என்று அரை டேங்க்கோடு வருகிறார்கள். 500 சிங்கப்பூர் வெள்ளி வரை அபராதம், வண்டியையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முள் முக்காலைத் தொட்டால் போதும் என்று கணக்குப் போடாதீர்கள். ஜொகூருக்குப் போகும் கடற்பால நெரிசலில் மணிக்கணக்கில் ஏசி ஓடினால் அது இறங்கிவிடும். முழுசாக நிரப்புங்கள். அங்கே போனாலும் சிங்கப்பூர் எண் வண்டிக்கு மலிவான ரோன்95 பெட்ரோல் கிடையாது, ரோன்97தான்.

மலேசியச் சாலைக் கட்டணத்துக்கு முன்கூட்டியே காசு ஏற்றிவைக்கிற டச் என் கோ அட்டையின் கூத்து தனி. ஜொகூர் பாருவில் நுழையும்போதே சாலைக் கட்டணம் 20 ரிங்கிட் போய்விடும். நெடுஞ்சாலைச் சாவடியில் ரொக்கம் வாங்க மாட்டார்கள். காசில்லாத அட்டையைத் தட்டிக்கொண்டே இருந்தால் தடுப்பு எழும்பிவிடுமா? பின்னால் நிற்கிறவன் என்ன பாவம் செய்தான்? நுழைய எந்த அட்டையோ, வெளியேறவும் அதே அட்டைதான். கணவர் அட்டையில் ஏறி மனைவி அட்டையில் இறங்க முடியாது.

விஇபி, அதாவது வெளிநாட்டு வண்டி மலேசியாவுக்குள் நுழைவதற்கான அனுமதி? 2025 ஜூலை 1 முதல் அது இல்லாவிட்டால் 300 ரிங்கிட் அபராதம். ஒரு காரிலிருந்து அந்த அனுமதி வில்லையைப் பிய்த்து இன்னொரு காரில் ஒட்டுகிற புத்திசாலித்தனமெல்லாம் செல்லாது.

எல்லாவற்றையும்விட எரிச்சல் மூட்டுவது, ஊரிலிருந்து வந்த அப்பா அம்மாவை எதையும் பார்க்காமல் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு கிளம்புவது. மலேசிய மின்னிலக்க வருகை அட்டை சிங்கப்பூர்க் குடிமக்களுக்குத்தான் வேண்டாம். இந்தியக் கடவுச்சீட்டுக்கு வேண்டும். போய்ச் சேர்வதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் பதிய வேண்டும். அதைவிட முக்கியம், அவர்களுடைய சிங்கப்பூர் விசா. அது ஒருமுறை நுழைவதற்கு மட்டும் என்றால், ஜொகூருக்குப் போய்விட்டுத் திரும்பி எப்படி உள்ளே வருவார்கள்? வயசானவர்களைக் குடிநுழைவு முகப்பில் முழிக்க வைப்பதற்கா இந்த உல்லாசப் பயணம்?

வாடகைக் காரென்றால் மலேசியாவுக்கு எடுத்துப்போகலாம் என்று எழுத்தில் வாங்குங்கள். கடைக்காரர் வாய்வார்த்தை விபத்து நடந்தால் உதவாது. ‘அப்படியே புக்கெட் வரை’ என்று கிளம்புகிற வீரர்கள் காப்புறுதிப் பத்திரத்தைப் பிரித்துப் பாருங்கள்: பலவற்றில் தாய்லாந்து எல்லையிலிருந்து 80 கிலோமீட்டரோடு சரி. தாய்லாந்தின் கட்டாயக் காப்புறுதி வேறு தனி. எல்லைக்கு முன்னால் மலேசியப் பக்கத்து ஊரான சங்லூனில் கிடைக்கும், அங்கேயே வாங்கிவிடுங்கள்.