அங்கீகாரம் வேறு, கிரெடிட் மாற்றம் வேறு

அமெரிக்காவில், வணிகக் கல்லூரிகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஏ.ஏ.சி.எஸ்.பி. என்ற அமைப்பின் அங்கீகாரம் பெற்ற ஒரு வணிகக் கல்லூரியிலிருந்து மற்றொன்றுக்கு மாறினால், அதுவரை பெற்ற கிரெடிட்டுகள் (படித்து முடித்த பாடங்களுக்கான மதிப்பலகுகள்) அப்படியே கணக்கில் வந்துவிடும் என்று நான் படித்த ஒரு கட்டுரை கூறுவதை ஏற்க இயலவில்லை. 1916-இல் தொடங்கப்பட்ட அந்த அமைப்பு கல்லூரியின் தரத்தைத்தான் மதிப்பிடுகிறது. எந்தப் பாடத்தை ஏற்பது என்ற முடிவு, மாணவர் புதிதாகச் சேரும் கல்லூரியின் கையில் இருக்கிறது. இரண்டாம் ஆண்டில் படித்து முடித்த வணிகச் சட்டம், புதிய கல்லூரியில் மூன்றாம் ஆண்டுப் பாடமாக இருந்தால், பெரும்பாலும் விருப்பப் பாடமாக மட்டுமே சேர்த்துக்கொள்ளப்படும். அதே பாடத்தை மீண்டும் கட்டணம் கட்டிப் படிக்க நேரிடும். வணிகப் பாடங்களில் பாதியையாவது தங்களிடமே படிக்க வேண்டும் என்ற விதியும் பல கல்லூரிகளில் உண்டு. காலாண்டுப் பருவ முறையில் பெற்ற 3 கிரெடிட், அதைவிட நீண்ட பருவங்களைக் கொண்ட செமஸ்டர் முறையில் 2 ஆகச் சுருங்கிவிடும் என்பதைக் கட்டுரையாளர் தொடவே இல்லை. பலரும் அங்குதான் இடறுகிறார்கள். புளோரிடாவின் அரசுக் கல்லூரிகளில் உள்ளதுபோல மாநிலம் முழுவதற்கும் பொதுவான பாட எண் முறை இருந்தால் சிக்கல் குறையும். மற்ற இடங்களில், வாரவாரியான பாடப்பொருளும் நூற்பட்டியலும் அடங்கிய பாடத்திட்டத்தைக் கொடுத்து, சேர்க்கைக் கட்டணம் செலுத்துமுன்பே மதிப்பீட்டை எழுத்துமூலம் பெற்றுக்கொள்வது நல்லது.