இனி யாரும் என்னிடம் "எல்லாருக்கும் அப்படித்தான்" என்று சொல்லாதீர்கள்

நேற்று ராத்திரி ஆரணியிலிருந்து நாத்தனார் போன் செய்தாள். அவள் மகள் ஒன்பதாவது படிக்கிறாள். பதினோரு நாளாகப் பீரியட்ஸ் நிற்கவில்லையாம். பள்ளியில் காலை பிரேயரில் மயங்கி விழுந்திருக்கிறாள். முகத்தில் தண்ணீர் தெளித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "டாக்டர்கிட்ட காட்டினியா?" என்று கேட்டேன். "இதுக்குப் போயி இன்னாத்துக்கு அண்ணி டாக்டரு? வயசுக்கு வந்து ஒரு வருசந்தானே ஆவுது, எல்லாருக்கும் அப்படித்தானே இருக்கும்" என்றாள்.

போனை வைத்துவிட்டேன். தூக்கம் வரவில்லை. என் வாழ்க்கையில் ஐந்து வருடத்தைத் தின்ற வார்த்தை அது. அம்மா சொன்னாள், மாமியார் சொன்னார், கூட வேலை செய்கிற அக்காக்கள் சொன்னார்கள், கடைசியில் ஒரு டாக்டரும் சொன்னார். இப்போது அந்தப் பிள்ளைக்கும் அதே வார்த்தை. கொதிக்கிறது எனக்கு.

எனக்கு நாற்பத்தொரு வயது. வேலூரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப் பிரிவில் இருக்கிறேன். தரையில் மெத்தை, மெத்தைமேல் வெள்ளை விரிப்பு, அதில் உட்கார்ந்து சேலையை விரித்துக் காட்ட வேண்டும். இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் எனக்கு ஒரு பேட் ஒரு மணி நேரம் தாங்காது. எக்ஸ்எல் பேட் ஒன்று, அதன்மேல் இன்னொன்று, அதற்கும் மேல் மடித்த பழைய காட்டன் புடவைத் துணி. இத்தனையையும் வைத்துக்கொண்டு அந்த வெள்ளை விரிப்பில் எப்படி உட்காருவது? கடைகளில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத்தைத் திருத்தினார்கள். எங்கள் கடையிலும் ஸ்டூல் வந்தது. கால் வீங்கிப் போயிருந்த பெண்கள் அன்றைக்கு எவ்வளவு சந்தோஷப்பட்டார்கள்! நான் மட்டும் மாதத்தில் பாதி நாள் அந்த ஸ்டூல் பக்கம் போகவில்லை. எழுந்திருக்கும்போது பின்னால் என்ன தெரியுமோ என்ற பயத்திலேயே காலை பத்து மணியிலிருந்து ராத்திரி வரை நின்றேன். "பின்னாடி கொஞ்சம் பாருடி" என்று பக்கத்தில் நிற்கிற பெண்ணிடம் ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

கழிப்பறை மூன்றாவது மாடியில். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். இருபத்தைந்து வயதுப் பையன், கெட்டவன் இல்லை. ஆனால் "இப்பத்தானேக்கா போயிட்டு வந்தீங்க?" என்று பத்து பேர் எதிரில் கேட்பான். நான் என்ன பதில் சொல்ல? மேலே ஏறிப் போனால் அங்கே குப்பைக்கூடை கிடையாது. எடுத்த பேடைப் பேப்பரில் சுற்றி, கறுப்பு கவரில் போட்டு, கைப்பையில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை வேலை செய்ய வேண்டும். சாப்பாட்டு டப்பா இருக்கிற அதே பையில். காட்பாடி பஸ்ஸில் சீட்டு காலியாக இருந்தாலும் உட்கார மாட்டேன், பாலாற்றுப் பாலம் தாண்டும் வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். அக்னி நட்சத்திரத்தில் வேலூர் வெயில் எப்படி என்று இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அந்த வெயிலில், ஈரத்தில், இரண்டு தொடையும் உரசிப் புண்ணாகிக் கிடக்கும்.

ராத்திரி இன்னும் கொடுமை. பிள்ளைகள் சின்னதாக இருந்தபோது வாங்கிய ரப்பர் ஷீட்டை எனக்கே விரித்துப் படுப்பேன். பன்னிரண்டுக்கு ஒரு அலாரம், மூன்றுக்கு ஒரு அலாரம். அப்படியும் தப்பாது. விடிவதற்குள் எழுந்து, மாமியார் கண்ணில் படாமல் போர்வையை அலசிப் போட வேண்டும்.

சாமி விஷயத்தைச் சொன்னால் மனசு ஆறாது. மாமியார் வீடு குடியாத்தம். வைகாசி முதல் தேதி கெங்கையம்மன் திருவிழாவில் அம்மன் சிரசு ஊர்வலமாக வரும்போது அந்த ஊரே தெருவில் நிற்கும். ஐந்து வருடத்தில் நான்கு வருடம் நான் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டால் முடிந்தது, இல்லையென்றால் ஐந்தாம் நாள், இதுதான் வீட்டுக் கணக்கு. பத்து நாள் போகிறவளுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. "இன்னும் நிக்கலயா உனக்கு?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியில் ஒரு குற்றச்சாட்டு இருக்கும். நான் என்னவோ வேண்டுமென்றே வைத்திருப்பது போல.

அப்புறம் மூச்சு. எங்கள் வீடு முதல் மாடியில், இருபது படிதான். பாதியில் நின்று நெஞ்சைப் பிடித்துக்கொள்வேன். கொத்துக் கொத்தாக முடி கொட்டியது. நாக்கு வெளுத்துப் போயிற்று. அரிசி களையும்போது ஒரு கைப்பிடி பச்சரிசியை வாயில் போட்டுக்கொள்ளாமல் இருக்க முடியாது. சின்ன வயதில் இதையே செய்தபோது எங்கள் ஆயா, "பச்சரிசி தின்னாதடி, உன் கல்யாணத்தன்னிக்கு மழை கொட்டப் போவுது" என்று சொல்லும். தமிழ்நாட்டில் எந்த வீட்டில் இதைச் சொல்லவில்லை? அரிசி, சாம்பல், மண், ஐஸ் கட்டி என்று எதையாவது மென்றுகொண்டே இருக்கத் தோன்றுவது உடம்பில் இரும்புச்சத்து வற்றிப்போனதற்கு ஒரு அடையாளம் என்று நாற்பது வயதில்தான் ஒருவர் எனக்குச் சொன்னார். தலைமுறை தலைமுறையாக அரிசிப் பானையை ஒளித்து வைத்தோம், மழையைச் சொல்லிப் பயமுறுத்தினோம். ஒரு பெண்ணின் ரத்தத்தையாவது எடுத்துப் பார்த்தோமா? 2019–21-இல் எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! நூறு பெண்களில் ஐம்பத்து மூன்று பேர் சோர்ந்து கிடந்தால் சோர்ந்து கிடப்பதுதான் இயல்பு என்று ஆகிவிடுமா?

சரி, எல்லாருக்கும் எப்படி என்று பார்ப்போம். சாதாரணமாக ஒரு மாதவிலக்கில் போகிற ரத்தம் 30, 40 மில்லி. 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்று மருத்துவத்தில் எல்லை வைத்திருக்கிறார்கள். வீட்டில் யாரும் அளவு ஜாடி வைத்து அளக்க முடியாது, அதனால் அடையாளம் சொல்கிறார்கள். ஒரு மணி, இரண்டு மணி நேரத்துக்குள் பேட் நனைந்துபோவது, ஏழு நாளுக்கு மேல் போவது, பத்து ரூபாய் நாணயம் அளவுக்குக் கட்டி விழுவது, மாற்றுவதற்காகவே ராத்திரி எழுந்திருப்பது. இவை எல்லாமே எனக்கு இருந்தன. ஐந்து வருடமாக இருந்தன.

இன்னொன்று சொல்கிறேன். தமிழில் இதற்குப் பேரே இருக்கிறது. பெரும்பாடு. சித்த வைத்தியர்கள் சொல்கிற பேர். தமிழ் பைபிளிலும் பன்னிரண்டு வருடம் பெரும்பாட்டில் கிடந்து, வைத்தியர்களிடம் கையில் இருந்ததையெல்லாம் செலவழித்தும் குணமாகாத ஒரு பெண் வருகிறாள். மேல் வீட்டு அக்கா சர்ச்சுக்குப் போகிறவர், அவர்தான் சொன்னார். நோய் என்று நம் முன்னோர்கள் தனியாகப் பேர் வைத்ததை நாம் எப்போது "எல்லாருக்கும் அப்படித்தான்" என்று மாற்றினோம்?

முதலில் பார்த்த டாக்டர் என் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "நாப்பது நெருங்குதுல்ல, எல்லாருக்கும் அப்படித்தான்மா இருக்கும்" என்று இரும்புச்சத்து மாத்திரை எழுதினார். எத்தனை பேட் என்று கேட்கவில்லை, எத்தனை நாள் என்றும் கேட்கவில்லை. மாத்திரையை டீயோடு சாப்பிடக் கூடாது, டீயும் காபியும் இரும்பை உடம்பில் சேர விடாது, எலுமிச்சைச் சாறோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும் என்றாவது சொல்லியிருக்கலாம். கடையில் பதினொரு மணி டீயோடு ஒரு வருடம் முழுங்கினேன்.

இரண்டாவது இடத்தில் நேர் எதிர். ஸ்கேன் எடுத்த அரை மணி நேரத்தில், "ரெண்டு பசங்க இருக்காங்கல்ல? இன்னும் இது எதுக்கு? கர்ப்பப்பைய எடுத்துடலாம். காப்பீட்டு அட்டை இருக்கா?" என்றார்கள். வேறு வழி இருக்கிறதா என்று நான் கேட்பதற்குள் எந்தக் கிழமை தோதுப்படும் என்று வீட்டுக்காரரிடம் பேச ஆரம்பித்துவிட்டார்கள். என் உடம்பு, தேதி கேட்பது அவரிடம். கர்ப்பப்பையை எடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. வேண்டியவர்களுக்கு அது வேண்டும், எடுத்த பிறகு நிம்மதியாக இருக்கிற பெண்களை எனக்குத் தெரியும். ஆனால் முதல் நாளே அதுவா? தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுப்பதைத் தடுக்க மத்திய அரசு வகுத்த வழிமுறைகளை எல்லா மாநிலங்களும் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நாட்டின் பெரிய கோர்ட்டே தலையிட வேண்டிய அளவுக்கு இது நடந்திருக்கிறது. "ஒன்றுமில்லை, போ" என்பார்கள், இல்லையென்றால் "எடுத்துப் போடு" என்பார்கள். நடுவில் ஒரு பெண்ணை உட்கார வைத்து என்ன நடக்கிறது என்று கேட்க ஒருவருக்கும் நேரமில்லை.

நானும் ஒரு வருடம் யாரிடமும் காட்டாமல் கிடந்தேன். காரணம் கூச்சம். முதலில் பார்த்தவர் ஆண், அவரிடம் கட்டி கட்டியாகப் போகிறது என்று சொல்ல நாக்கு எழவில்லை. இந்த ஊரில் இருந்துகொண்டு இப்படிக் கூசினேனே என்று இப்போது வலிக்கிறது. இங்கே சிஎம்சி ஆஸ்பத்திரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் கதை வேலூரில் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். 1890-களில் திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று ஆண்கள் வந்து, பிரசவத்தில் தவிக்கிற தங்கள் மனைவியைப் பார்க்க வாருங்கள் என்று அந்த இளம்பெண்ணைக் கூப்பிட்டார்கள். எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பா டாக்டர், அவர் வருவார் என்றார். ஆண் டாக்டர் வேண்டாம் என்று திரும்பிப் போனார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் செத்துப் போனார்கள். அதற்காகவே அவர் டாக்டருக்குப் படித்துவிட்டு வந்து, 1900-இல் வேலூரில் ஒற்றைக் கட்டிலோடு வைத்தியத்தைத் தொடங்கினார். நூற்றுச் சொச்சம் வருடம் ஆகியும் கூச்சம் அப்படியே இருக்கிறது. ரத்தம் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறது.

கடையில் ஒரு நாள் சேலை மடிக்கும்போது கண் இருட்டி விழுந்தேன். அதன் பிறகு மூன்றாவதாகப் பார்த்த டாக்டரம்மாதான் என்னை உட்கார வைத்துக் கேட்டார். ஒரு நாளைக்கு எத்தனை பேட், கட்டி எவ்வளவு பெரிது, ராத்திரி எழுந்திருக்கிறாயா, அரிசி தின்கிறாயா. கடைசிக் கேள்விக்கு நான் அழுதுவிட்டேன். ஹீமோகுளோபின் பார்த்தார்கள், 6.8. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். தைராய்டு பார்த்தார், மறுபடி ஸ்கேன், கர்ப்பப்பையின் உள்சவ்வில் துளி எடுத்துப் பரிசோதனை. அடினோமயோசிஸ் என்றார். கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதன் தசைச் சுவருக்குள்ளேயே வளர்ந்து, கர்ப்பப்பை பருத்துப் போயிருக்கிறது. இரும்புச்சத்தை நரம்பில் ஏற்றினார்கள்.

ரத்தம் போகிற நாட்களில் மட்டும் சாப்பிட டிரானெக்ஸாமிக் ஆசிட் கொடுத்தார். ஹார்மோன் மாத்திரை இல்லை. உறைந்த ரத்தம் சீக்கிரம் கரைந்துவிடாமல் பிடித்து வைக்கிற மாத்திரை. பிரசவத்தில் ரத்தம் போய்ப் பெண்கள் சாவதைத் தடுக்க வேண்டும் என்று ஜப்பானில் உட்டாகோ ஒகமோட்டோ என்ற பெண்ணும் அவர் கணவரும் தேடிக் கண்டுபிடித்து 1962-இல் வெளியிட்ட மருந்து. நான் பிறப்பதற்கு முன்பே இருந்த மருந்து! (காலிலோ நுரையீரலிலோ ரத்தக்கட்டு வந்தவர்களுக்கு ஆகாது, டாக்டரிடம் கேட்காமல் வாங்கிப் போடாதீர்கள்.) அப்புறம் கர்ப்பப்பைக்குள் வைக்கிற ஹார்மோன் சாதனம் ஒன்று வைத்தார். "காப்பர்-டி வெச்சா இன்னும் அதிகமா போகும்டி" என்று கடையில் எல்லாரும் பயமுறுத்தினார்கள். காப்பர்-டிக்கு அது சரிதான். இது வேறு, உள்சவ்வை மெலிதாக்கி ரத்தத்தைக் குறைக்கிறது. முதல் சில மாதம் சொட்டுச் சொட்டாகப் படும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டார், பட்டது, பொறுத்தேன். இது ஏழாவது மாதம். போன வாரம் அந்த வெள்ளை விரிப்பில் உட்கார்ந்து ஒரு கல்யாணக் கூட்டத்துக்குச் சேலை காட்டினேன்.

முதல் நாள் என்னிடம் யாராவது நான்கு கேள்வி கேட்டிருந்தால் ஐந்து வருடம் போயிருக்காது. அதுதான் தாங்க முடியவில்லை.

அந்தப் பிள்ளை வயதுக்கு வந்தபோது ஆரணியில் மண்டபம் பிடித்தார்கள். ஃபிளெக்ஸ் போர்டு, மைக் செட், தாய்மாமன் சீர் என்று என் வீட்டுக்காரர் வட்டிக்கு வாங்கி எடுத்துக்கொண்டு போனார். முதல் சொட்டை ஊருக்கே சொன்னோம். பதினோரு நாள் நிற்காமல் போகிறது என்பதை ஒரு டாக்டரிடம் சொல்ல வெட்கமா? சின்ன வயதிலேயே இப்படிப் போனால் ரத்தம் உறைவதிலேயே பிறவிக் குறை இருக்கலாம், வான் வில்லிபிராண்ட் என்று ஒன்று இருக்கிறது என்று என் டாக்டர் சொல்லியிருக்கிறார். பல் விழுந்தபோது ரொம்ப நேரம் ரத்தம் நிற்காமல் போனதா, மூக்கில் அடிக்கடி ரத்தம் வருமா என்று கேட்கச் சொன்னார். காலையில் நாத்தனாருக்குப் போன் போட்டுக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். "மூக்குல வரும் அண்ணி, வெயிலுக்குன்னு நெனச்சேன்" என்றாள்.

இன்னும் நாள் பார்த்துக் காத்திருக்கச் சொல்லவில்லை, இன்றைக்கே கிளம்பி வரச் சொல்லிவிட்டேன். கடைக்கு லீவு சொல்லியாயிற்று. காரணம் கேட்டான் சூப்பர்வைசர், பீரியட்ஸ் பிரச்சினை, டாக்டரிடம் போகிறோம் என்று சத்தமாகவே சொன்னேன். எத்தனை பேட், எத்தனை நாள், எவ்வளவு பெரிய கட்டி என்று ஒரு தாளில் எழுதி எடுத்து வரச் சொல்லியிருக்கிறேன், அந்தப் பிள்ளை கையாலேயே. ஆரணி பஸ் பத்தரைக்கு வந்துவிடும்.