பேரன்ட்ஸ் மீட்டிங்கில் மார்க்கைத் தவிர வேறு பேச்சே கிடையாதா?

பேரன்ட்ஸ் மீட்டிங் என்று பிள்ளை வந்து சொன்னதும் நம்ம வீடுகளில் முதல் கேள்வியே "என்ன சேட்டை பண்ணின?" என்பதுதான். அப்புறம் யார் போவது என்று ஒரு பஞ்சாயத்து. கடைசியில் அம்மாதான் போவாள், அப்பாவுக்கு அன்றைக்குப் பார்த்துத் தலைபோகிற வேலை வந்துவிடும்.

போய்த்தான் என்ன நடக்கிறது? தங்கை மகன் படிக்கிற தனியார் பள்ளிக்கு ஒரு தடவை அவளோடு போனேன். மார்க் ஷீட்டை நீட்டி, "மேத்ஸ்ல இன்னும் கொஞ்சம் கவனிக்கச் சொல்லுங்க", ஒரு கையெழுத்து, அடுத்த ஆள். ஃபீஸ் பாக்கியை மட்டும் நிறுத்தி நிதானமாகச் சொன்னார்கள். அரசுப் பள்ளியில் கதை வேறு. நம்ம ஆட்களே "கண்ணு ரெண்டையும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க சார்" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடுவார்கள். கேட்டால் வாத்தியார் மேல் அவ்வளவு மரியாதையாம். எனக்கென்னவோ பிள்ளையை ஒப்படைத்துவிட்டுக் கை கழுவுவதாகத்தான் தெரிகிறது.

அதற்காக மீட்டிங்கே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. பிள்ளையைப் பற்றி டீச்சருக்குப் பாதி தெரியும், வீட்டுக்குப் பாதி தெரியும், இரண்டும் சேருவதற்கு வேறு இடம் ஏது? எங்கள் ஊர்ப் பள்ளி மேலாண்மைக் குழுவில் நானும் இருக்கிறேன். ஒரு கூட்டத்தில் ஆறாம் வகுப்பு டீச்சர் பேச்சுவாக்கில், ஒரு பிள்ளை கொண்டுவருகிற தண்ணீர் பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுபோகிறாள், எவ்வளவு சொன்னாலும் குடிப்பதில்லை என்றார். முழங்கால் இடிக்கிற சின்ன பெஞ்சில் உட்கார்ந்திருந்த அவள் அம்மா உடனே, "வீட்டுக்கு வந்ததும் பையத் தூக்கிப் போட்டுட்டு பாத்ரூமுக்குத்தான் டீச்சர் ஓடுதா, ஏம்ட்டின்னு கேட்டா சொல்ல மாட்டேங்கா" என்றார். பக்கத்தில் இருந்தவர் தன் மகளும் அப்படித்தான் என்றார். நானும் டீச்சரும் போய்ப் பார்த்தால் பெண் பிள்ளைகள் கழிவறையில் ஒரு கதவுக்குக் கொண்டியே இல்லை, இன்னொன்றில் கொண்டி இருக்கிறது, மாட்டுவதற்கு நாதாங்கி இல்லை. அன்று சாயங்காலமே கடையில் வாங்கி மாட்டியாயிற்று. எந்த மார்க் ஷீட்டில் இது வந்திருக்கும்?

2009 கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு என்ன வேண்டும் என்று திட்டம் போடுவதே அவர்கள் வேலை. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு இது கிடையாது, லட்சம் லட்சமாகக் கட்டுகிறவர்களுக்குக் கேள்வி கேட்க நாற்காலி இல்லை என்பதுதான் வேடிக்கை. 2022இல் தமிழ்நாடு முழுக்க அரசுப் பள்ளிகளில் குழுக்களைப் புதுசாக அமைத்தார்கள். அமைத்து என்ன, பல ஊர்களில் தீர்மான நோட்டில் கையெழுத்து போடுவதோடு சரி. காமராஜர் காலத்தில் மதிய உணவு ஆரம்பித்த எட்டயபுரம் அன்றைக்கு நம்ம திருநெல்வேலி மாவட்டம்தான். ஊர்க்காரர்கள் அள்ளிக்கொடுத்துத் தொடங்கி வைத்த திட்டம் அது, யாரும் கையெழுத்துக்காக வரவில்லை.

இன்னொரு விஷயம், சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைத்த நீதிபதி சந்துரு குழு, சாதியைக் காட்டுகிற கலர் கயிறு கையில் கூடாது என்று 2024இல் அறிக்கை கொடுத்தது. சரி, தினமும் காலையில் யூனிஃபார்ம் போட்டு அனுப்புகிற வீட்டுக்கு அந்தக் கயிறு தெரியாதா? வாத்தியார் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் "அவரு என்ன ஆளு?" என்று விசாரிக்கிற ஊர் இது. அதனால்தான் எல்லாத் தெருப் பெற்றோரும் ஒன்றாக உட்கார்ந்திருக்கிற கூட்டத்திலேயே இந்தப் பேச்சை எடுக்க வேண்டும் என்கிறேன்.

ஆனால் கூட்டத்துக்கு ஆள் வர வேண்டுமே. வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் வைக்கிறார்கள். முக்கூடல், வீரவநல்லூர் பக்கம் அது பீடிக்கடைக்குப் பீடி கொடுத்து இலையும் தூளும் வாங்கிவருகிற நேரம், அதை விட்டால் அடுத்த நாள் பொழைப்பு போச்சு. சாயங்காலம் ஆறு மணிக்கு வைக்கலாமே என்று ஹெச்.எம்.மிடம் கேட்டேன். பாளையங்கோட்டையில் இருந்து பஸ்ஸில் வந்துபோகிற டீச்சர்கள் பாடும் பாவம்தான், அதையும் சொன்னார். கடைசியில், "பத்து அப்பாக்களைக் கூட்டிட்டு வாங்க, ஒரு தடவை ராத்திரி வச்சுப் பார்ப்போம்" என்றிருக்கிறார். எங்க ஊர் அண்ணாச்சிமாரே, யாரெல்லாம் வாறீங்க?