நாற்பது கெஜமும் ஒரு கெஜமும்

ஏப்ரல் வந்துவிட்டால் போதும், இங்கே சியாட்டிலில் என் அலுவலகத்தில் ஆளாளுக்குத் தேர்வுக்குழுத் தலைவர் ஆகிவிடுவார்கள். என்எஃப்எல் டிராஃப்ட் காலம். ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு வரி: இது காலால் உதைக்கும் ஃபுட்பால் இல்லை, கோணல் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு முட்டி மோதி ஓடும் அமெரிக்க ஃபுட்பால். கல்லூரியில் ஆடிய பையன்களை என்எஃப்எல் என்ற தொழில்முறை லீகின் 32 அணிகள் 7 சுற்றுகளில் முறைவைத்துப் பொறுக்கி எடுக்கும்.

உடனே யாராவது ஒருவர் டாம் பிரேடி கதையை எடுத்துவிடுவார். 2000இல் 6ஆவது சுற்றில், 199ஆவது ஆளாகப் போனவர் 7 சூப்பர் பௌல், அதாவது லீகின் இறுதி ஆட்டம், ஜெயித்தார், அதனால் நிபுணர்களுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு இந்தக் கதை அலுத்துவிட்டது. அதே 6ஆவது சுற்றில் போய், சுவடே இல்லாமல் வீடு திரும்பியவர்கள் எத்தனையோ பேர். லாட்டரி அடித்தவனிடம் போய்ப் பணம் சேர்ப்பது எப்படி என்று கேட்பதுபோல இருக்கிறது.

நான் எடுத்துக்கொள்வது 2017. வாஷிங்டன் மாநிலத்துக் கல்லூரிகளில் ஆடிய இரண்டு பையன்கள். இருவருமே ரிசீவர், அதாவது ஓடிப்போய்ப் பந்தைப் பிடிக்க வேண்டியவர்கள். ஜான் ராஸ் எங்கள் சியாட்டில் வாஷிங்டன் பல்கலைக்கழகம். கூப்பர் கப், மாநிலத்தின் கிழக்குக் கோடியில் சீனி என்ற சிற்றூரில் இருக்கும் ஈஸ்டர்ன் வாஷிங்டன். அங்கே மைதானத்துச் செயற்கைப் புல் சிவப்பு நிறம். முதல் தடவை டிவியில் பார்த்தபோது என் டிவிதான் கெட்டுவிட்டது என்று நினைத்தேன்.

டிராஃப்டுக்கு முன்னால் இண்டியானபோலிஸில் கம்பைன் என்று ஒன்று நடக்கும். சந்தையில் மாட்டுக்குப் பல்லும் சுழியும் பார்ப்பார்களே, ஏறக்குறைய அதேதான். உயரம், எடை, கை நீளம், உள்ளங்கை அகலம் எல்லாம் அளப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலே 40 கெஜ ஓட்டம். ஹெல்மெட் கிடையாது, தோள் கவசம் கிடையாது, எதிரே ஆள் கிடையாது, கையில் பந்தும் கிடையாது. நேர்கோட்டில் ஒரே பாய்ச்சல். ராஸ் 4.22 விநாடியில் ஓடினார். அன்றைக்கு அது சாதனை. 2024இல் சேவியர் வொர்த்தி 4.21இல் ஓடும்வரை நின்றது. கப் ஓடியது 4.62. கணக்குப் போட்டால் ராஸ் கோட்டைத் தொடும்போது கப் சுமார் 10 அடி பின்னால்.

ராஸை 9ஆவது ஆளாகச் சின்சினாட்டி எடுத்தது. (10ஆவதாகப் போனவர் பேட்ரிக் மஹோம்ஸ், பின்னாளில் சூப்பர் பௌல்களை ஜெயித்த நட்சத்திரம். சின்சினாட்டி ரசிகர்களிடம் இதைச் சொல்லாதீர்கள், பாவம்.) கப் 3ஆவது சுற்றில், 69ஆவது ஆளாக லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குப் போனார்.

கடிகாரத்தை மட்டும் பார்த்து ராஸை எடுத்தார்கள் என்று சொன்னால் அது அநியாயம். 2016இல் அவர் 17 டச்டவுன், அதாவது எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி தரும் பந்து, பிடித்தவர். ஆனால் 2015 முழுவதும் முழங்கால் காயத்தால் ஆடவே இல்லை. அந்த 4.22 இல்லாமல் இருந்தால் அந்த முழங்காலை அணிகள் இன்னும் கொஞ்சம் உற்றுப் பார்த்திருக்கும் என்பது என் எண்ணம். சின்சினாட்டியில் முதல் ஆண்டு 3 ஆட்டம் ஆடினார், ஒரு பந்துகூடப் பிடிக்கவில்லை. 2020உடன் அங்கிருந்து கிளம்பிவிட்டார்.

கப்பைச் சந்தேகப்பட்டவர்களையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. கல்லூரியில் 428 பந்து, 6,464 கெஜம், 73 டச்டவுன். ஆனால் ஆடியது ஒரு படி கீழான பிரிவில். இளப்பமான எதிரிகளை வைத்து எடுத்த கணக்கு என்றார்கள். சரி. ஆனால் 2014இல் இதே கப் சியாட்டிலுக்கு வந்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு எதிராக 8 பந்து, 145 கெஜம், 3 டச்டவுன் எடுத்தார். அந்த அணியின் கார்னர்பேக், அதாவது ரிசீவருக்குக் காவல் நிற்பவர், ஒருவர் அடுத்த ஆண்டே டிராஃப்டின் முதல் சுற்றில் போனார். ராஸும் அப்போது அந்த அணியில்தான் இருந்தார். அந்த வீடியோ எல்லா அணிகளிடமும் இருந்தது.

கப் ஆடுவதைப் பார்க்கும்போது பந்தை விட்டுவிட்டு அவர் இடுப்பைக் கவனியுங்கள். 12 கெஜம் நேராகப் பாய்ந்து வருவார். காவலுக்கு நிற்பவன் பின்னால் ஓடிக்கொண்டே, இவன் இடமா வலமா என்று இடுப்பைத்தான் பார்ப்பான். அது திரும்பவே திரும்பாது. இரண்டு எட்டில் பிரேக் போட்டதுபோல நின்றுவிடுவார். காவல்காரன் இன்னும் இரண்டு எட்டு பின்னால் போய்க்கொண்டிருப்பான். அந்த இடைவெளியில்தான் பந்து வரும். வேகமாக ஓடுவதை அளக்க இண்டியானபோலிஸில் கருவி இருக்கிறது. நிற்கத் தெரிவதை டேப்பை உட்கார்ந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பொறுமை வேண்டும், 4.22 என்று திரையில் மின்னும்போது யாருக்கும் அது இருப்பதில்லை.

என் பக்கத்து மேசை நண்பர் உடனே கிறிஸ் ஜான்சன் பெயரை இழுப்பார். 2008இல் 4.24 ஓடியவர், அடுத்த ஆண்டே 2,006 கெஜம் பந்தோடு ஓடிக் குவித்தார். உண்மைதான். ஆனால் அவர் ரன்னிங் பேக். சந்து கிடைத்ததும் பறப்பது அவர் வேலை. ரிசீவர் வேலை வேறு. எல்லாரையும் ஒரே கோட்டில் ஓடவிட்டு ஒரே கடிகாரத்தால் அளப்பதில்தான் எனக்குக் குறை.

2022 பிப்ரவரி, சூப்பர் பௌல். ராம்ஸுக்கு எதிரே வந்தது யார் என்றால் அதே சின்சினாட்டி. ராம்ஸ் 16-20 என்று பின்தங்கியிருக்கிறது. கடைசிக் கட்டத்தில் திரும்பத் திரும்பக் கப்புக்கே பந்து போகிறது. நான்காவது, கடைசி முயற்சி, ஒரு கெஜம் முன்னேறாவிட்டால் பந்து கைமாறிவிடும், கப்பே பந்தை வாங்கிக்கொண்டு ஓடுகிறார். அப்புறம், ஒன்றரை நிமிடம்கூட மிச்சமில்லை, எல்லைக்கோட்டுக்கு ஒரே ஒரு கெஜம். எதிரே காவலுக்கு நிற்பவர் ஈலை ஆப்பிள்: 2016 டிராஃப்டில் 10ஆவது ஆளாகப் போனவர், 40 கெஜத்தை 4.40இல் ஓடியவர். கப்பைவிட வேகம். கப் உள்ளே நாலு எட்டு வைத்து, வெளிப்பக்கம் திரும்பி, பந்தைப் பிடித்துக்கொண்டு கீழே விழுந்தார். 23-20.